ட்ரோம்சோ டு லாங்யர்பியன் ஃப்ளைட்: 957 கிலோமீட்டர், 25 மணி 40 நிமிஷம்

ரெண்டு ஏர்போர்ட் பேர டைப் பண்ணா நடுவுல எவ்ளோ தூரம், பறக்க எவ்ளோ நேரம்னு சொல்ற சைட்டுங்க நெறைய இருக்கு. அதுல ஒண்ணுல ட்ரோம்சோ, லாங்யர்பியன்னு போட்டுப் பாத்தேன், 957 கிலோமீட்டர், 1 மணி 12 நிமிஷம்னு வந்துச்சு. தூரம் சரி, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நேரம்தான்... முதல் நாள் மதியம் 12:40க்கு கிளம்ப வேண்டிய விமானத்துல பெல்ட்ட போட்டு உக்காந்தவன், மறுநாள் மதியம் 2:20க்குதான் அங்க போய் எறங்குனேன். இது அந்த ஃப்ளைட்டோட ரிவியூ, கூடவே அந்த சைட்டோட ரிவியூவும்னு வச்சுக்கோங்க. விமானக் கம்பெனி பேரு வேண்டாம், அவங்க மேல பெரிய தப்பும் இல்ல.

இந்த ஊருங்க எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ட்ரோம்சோ நார்வேயோட வடக்குல, ஆர்க்டிக் வட்டத்த தாண்டி, 69 டிகிரிக்கும் மேல. லாங்யர்பியன் அதுக்கும் மேல, ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்துல, 78 டிகிரியில. யார் வேணா டிக்கெட் போட்டு ரெகுலரா போற ஏர்போர்ட்டுல உலகத்துலயே வடக்கோரம் இதுதான், அங்கேர்ந்து வட துருவத்துக்கு 1,300 கிலோமீட்டர்தான் பாக்கி. ரெண்டு ஊருக்கும் நடுவுல முழுக்க கடல், பாதி வழிய தாண்டுன எடத்துல கரடித் தீவுன்னு ஒரு சின்ன தீவு, அங்க ஒரு வானிலை நிலையம், அவ்ளோதான். வருஷம் முழுக்க ஓடற பயணிகள் கப்பல் கிடையாது. அதனால லாங்யர்பியன்ல இருக்கற ரெண்டாயிரத்து சொச்சம் பேருக்கும் ரோடு, ரயில், பஸ்ஸு எல்லாமே இந்த ஃப்ளைட்தான்.

நாங்க ஆஸ்லோல இருக்கோம். ஆஸ்லோலேர்ந்து நிக்காம போற ஃப்ளைட்டும் இருக்கு, சுமாரா மூணு மணி நேரம், 2,000 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல. ஆனா எனக்கு ட்ரோம்சோல ரெண்டு நாள் ஆபீஸ் வேலை இருந்துச்சு, அதோட சேத்து போயிட்டு வந்துரலாம்னு வைஃபையும் கூட்டிட்டு பிப்ரவரி கடைசி வாரத்துல கிளம்பியாச்சு. ட்ரோம்சோலேர்ந்து போக வர ஒருத்தருக்கு 2,600 குரோனர் ஆச்சு, நம்ம காசுக்கு 20,000 ரூபாக்கு மேல. இந்த தூரத்துக்கு இது சீப்பா காஸ்ட்லியான்னு கேட்டா, சென்னை மும்பை 1,030 கிலோமீட்டர், அதவிட இது கம்மி தூரம், நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

இந்த தூர விஷயத்துலயே முதல்ல ஒரு கூத்து நடந்துச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி ராத்திரி போன்ல மேப்ப தொறந்து வைஃபுக்கு காட்டிட்டு இருந்தேன். அவ கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்சு ட்ரோம்சோக்கும் லாங்யர்பியனுக்கும் நடுவுல வச்சா, ஜூம் மாத்தாம அப்டியே மேப்ப இழுத்துட்டு இந்தியாவுக்கு வந்து அதே விரல கன்னியாகுமரி மேல வச்சா, மேல் விரல் காஷ்மீர் உச்சியில போய் நிக்குது. "என்னங்க, கன்னியாகுமரிலேர்ந்து காஷ்மீர் வரைக்கும் வருது, நீங்க மும்பை தூரம்ங்கறீங்க?"ன்னா. நானும் அப்புறம் ஸ்கேல் வச்சே பாத்தேன், கிட்டத்தட்ட கச்சிதமா வருதுங்க. இந்தியாவோட தெக்கு வடக்கு நீளம் 3,214 கிலோமீட்டர், இது 957, ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே நீளம்!

காரணம் அந்த மேப்தான். உருண்டைய தட்டையா விரிக்க மெர்கேட்டர்னு ஒரு முறை, அதுல மேல போகப் போக ஜவ்வு மாதிரி இழுபடும். 60 டிகிரியில ரெண்டு மடங்கு, லாங்யர்பியன் கிட்ட போறப்ப கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதனால வடக்குல இருக்கற ஊருங்களுக்கு நடுவுல தூரத்த மேப்ல கண்ணால அளக்கவே கூடாது. இந்த எடத்துல அந்த சைட்டுக்கு முழு மார்க் குடுக்கறேன், அது ரெண்டு ஊரோட அட்சரேகை தீர்க்கரேகைய எடுத்து உருண்டை மேலயே கணக்கு போடுது. பேப்பர்லயே போட்டுப் பாக்கலாம்: ரெண்டு ஊருக்கும் 8.56 டிகிரி வித்தியாசம், டிகிரிக்கு 111 கிலோமீட்டர்னா 950, ஊரு நேர் வடக்கா இல்லாம கொஞ்சம் மேற்கால தள்ளி இருக்கறதுக்கு ஒரு அஞ்சாறு கூட்டிக்கோங்க. ஆச்சா.

நேரக் கணக்குலதான் சைட்டு சொதப்பல். 957அ மணிக்கு 800 கிலோமீட்டர்ங்கற வேகத்தால வகுத்திருக்கு, வேற ஒண்ணும் பண்ணல, 1 மணி 12 நிமிஷம். விமானம் என்ன ஓடுபாதையிலயே 800 வேகத்துல ஓடிட்டு இருக்கா? மேல ஏற ஒரு இருபது நிமிஷம், எறங்க ஒரு இருபத்தஞ்சு நிமிஷம், அப்பல்லாம் வேகம் கம்மி. டிக்கெட்ல போட்டிருந்தது 1 மணி 40 நிமிஷம், அது கதவ சாத்தி நகர ஆரம்பிக்கறதுலேர்ந்து அந்தப் பக்கம் போய் இன்ஜின அணைக்கற வரைக்கும் எண்ணுற நேரம். காத்துல இருக்கறது 1 மணி 25 நிமிஷம் போல. வேற சில சைட்டுங்க பொத்தாம்பொதுவா அரை மணி சேத்து 1:42ன்னு சொல்லுது, அது எவ்ளவோ தேவலாம். ஆனா அதுலயும் வராத ஒரு அயிட்டம் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

அதுக்கு முன்னாடி பாஸ்போர்ட். இத யாரும் சொல்றதில்ல, சொன்னாலும் கீழ சின்ன எழுத்துல இருக்கும். ஸ்வால்பார்ட் நார்வேயோடதுதான், ஆனா ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசால போயிட்டு வர்ற ஐரோப்பிய நாடுங்களோட கூட்டத்துக்கு, வெளிய. 1920ல பாரிஸ்ல போட்ட ஒரு ஒப்பந்தப்படி அங்க போறதுக்கு யாருக்கும் விசா வேண்டாம், அந்த ஒப்பந்தத்துல இந்தியாவும் உண்டு. கேக்கவே ஜாலியா இருக்கு இல்ல? ஆனா அங்க போகணும்னா நார்வே வழியாதானே போகணும், ட்ரோம்சோல பாஸ்போர்ட்ட பாத்து ஷெங்கன விட்டு வெளிய அனுப்பறாங்க, திரும்பறப்ப மறுபடி உள்ள வரணும். ஒரு தடவை மட்டும் நுழையற விசா வச்சிருந்தா கதை முடிஞ்சுது. எங்களுக்கு முன்னாடி வரிசையில ஒரு பையன், காலேஜ் படிக்கறவன் மாதிரி இருந்தான், நம்ம நாட்டுப் பாஸ்போர்ட், கவுன்ட்டர்ல இருந்த அம்மா ரொம்ப பொறுமையா சொன்னாங்க, "நீ தாராளமா போகலாம், திரும்பி வரதுதான் முடியாது"ன்னு. பாவம், பைய தூக்கிட்டு அப்டியே ஓரமா போய் நின்னான். ரெண்டு தடவையோ பல தடவையோ நுழையற விசாவா எடுத்துட்டு போங்க. எங்கள மாதிரி நார்வேல குடியிருக்கறவங்க குடியிருப்பு கார்டும் பாஸ்போர்ட்டும் ரெண்டும் வச்சிருக்கணும், உள்நாட்டு டிக்கெட் மாதிரிதானே இருக்குன்னு கார்ட மட்டும் எடுத்துட்டு போயிராதீங்க. ஆஸ்லோலேர்ந்து ட்ரோம்சோல நின்னு போற ஃப்ளைட்ல வர்றவங்களும் எல்லாரும் எறங்கி, பாஸ்போர்ட் காட்டி, அதே விமானத்துல அதே சீட்ல மறுபடி போய் உக்காரணும். இதுக்கு ஒரு முக்கா மணி நேரம் போகுது, இதுவும் சைட் கணக்குல கிடையாது.

சரி, கிளம்பறதுக்கு முன்னாடி வாரம் ஆஸ்லோல தெரிஞ்ச ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் எண்பதுகள் கடைசியில நார்வே வந்தவர். அந்த சமயத்துல வடகோடியில ஃபின்மார்க் பக்கம், வார்டோ மாதிரி மீன்பிடி ஊருங்கள்ல மீன் ஃபாக்டரி வேலைக்கு நெறைய ஈழத் தமிழர் போனாங்க இல்லையா, அதுல அவரும் ஒருத்தர், வார்டோல பல வருஷம். நான் 1 மணி 40 நிமிஷம்தான் அண்ணே, மதியம் போனா சாயங்காலம் ஊர சுத்திப் பாத்துரலாம்னு பெருமையா சொல்ல, அவர் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, அடுத்த நாள் காலமை ஏதும் முக்கிய அலுவல் வைச்சிருக்கிறீரோ? இருந்தா அதை மற்றக் கிழமைக்கு மாத்திப்போடும்." அவர் காலத்துல சின்ன ப்ரொப்பல்லர் விமானம், ஊரு ஊரா எறங்கி ஏறிப் போகும், வார்டோ மேல காத்து சரியில்லன்னா எறங்காம அடுத்த ஊர்ல கொண்டு போய் விட்டுருவாங்களாம், அங்கேர்ந்து பனியில பஸ். "வீட்டை மேலயிருந்து பாத்திட்டுப் போயிடுவம்"னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். மறுநாள் காலையில நாய் வண்டி சவாரிக்கு காசு கட்டி வச்சிருந்தேன், அத மாத்தல. கட்டுன காசு போச்சு.

முதல் நாள். ட்ரோம்சோல லேசா பனி கொட்டிட்டு இருந்துச்சு. 12:40க்கு கதவ சாத்துனாங்க, நகர்ந்துச்சு, ஓரமா போய் நின்னுச்சு. ஒரு லாரி வந்துச்சு, அதுமேல ஒரு கூண்டு, கூண்டுல ஒரு ஆளு, ஹோஸ்ல சூடா ஆரஞ்சு கலர்ல ஒரு திரவத்த றெக்கை மேல பீச்சி அடிக்கறான், ஆவி பறக்குது, ஜன்னல்ல எல்லாம் வழியுது. அப்புறம் இன்னொரு சுத்து, இந்த தடவை பச்சை, கொழகொழன்னு டிஷ் வாஷ் ஜெல் மாதிரி. ஆரஞ்சு, ஏற்கனவே இருக்கற பனிய கரைக்க; பச்சை, மறுபடி ஒட்டாம இருக்க. றெக்கையில கொஞ்சம் பனி ஒட்டுனாலும் விமானம் ஒழுங்கா தூக்காதாம், அதனால இதுல விளையாட்டே கிடையாது. பக்கத்துல ஒரு நார்வேக்காரர் இதெல்லாம் பாக்கவே இல்ல, குறுக்கெழுத்து போட்டுட்டு இருந்தார். எங்களுக்கு முன்னாடி ரெண்டு விமானம் வரிசையில, இருபது நிமிஷம் போச்சு, விமானம் ஏற 1 மணி ஆச்சு.

மேல ஒண்ணும் தெரியல, வெள்ளை, வெறும் வெள்ளை. 2:20 சுமாருக்கு பைலட் பேசுனார், லாங்யர்பியன் மேல மேகம் ரொம்ப கீழ எறங்கிருக்கு, பனி கொட்டுது, கொஞ்ச நேரம் வட்டம் அடிச்சுப் பாப்போம்னு. வட்டம் அடிச்சோம். ஒரு தடவை எறங்கப் போய் சக்கரத்த எல்லாம் வெளிய விட்டு, திடீர்னு இன்ஜின் உறும மூக்க தூக்கிட்டு மேல போயிட்டாங்க. வைஃப் என் கைய புடிச்ச புடியில நகம் பதிஞ்சு போச்சு. அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு அதே குரல்ல, பஸ் ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி, "ட்ரோம்சோவுக்கு திரும்பறோம்"னார். பக்கத்து சீட் நார்வேக்காரர் குறுக்கெழுத்த மூடி வச்சுட்டு தூங்கிட்டார்!

இப்ப அந்த சைட்ல வராத அயிட்டத்துக்கு வரேன். வேற ஊர்னா ஒரு ஏர்போர்ட் மூடிட்டா பக்கத்து ஏர்போர்ட்டுக்கு போயிருவாங்க, சென்னையில மழைன்னா பெங்களூர் மாதிரி. லாங்யர்பியனுக்கு பக்கத்து ஏர்போர்ட்டே ட்ரோம்சோ பக்கம்தான். ஸ்வால்பார்ட்லயே வடக்க நீ ஓலசுண்ட்னு ஒரு எடத்துல ஓடுபாதை இருக்கு, ஆனா அது சின்ன விமானத்துக்கு. அதனால இந்த விமானம் கிளம்பறப்பவே போயிட்டு, சுத்திட்டு, எறங்காம திரும்பி வர அளவுக்கு எண்ணெய் ஊத்திட்டுதான் கிளம்புது. அதாவது இந்த ரூட்ல திரும்பி வரதுங்கறது ஆக்சிடென்ட் இல்ல, ஏற்கனவே கணக்குல வச்ச விஷயம். அது தெரிஞ்சதுக்கு அப்புறம் என் கோவம் பாதி கொறஞ்சுது. மீதி பாதி 1996ல நடந்தத படிச்சப்ப கொறஞ்சுது. அந்த வருஷம் ஆகஸ்ட் 29, மாஸ்கோலேர்ந்து ஸ்வால்பார்ட்ல இருக்கற பாரன்ட்ஸ்பர்க், பிரமிடன் நிலக்கரி சுரங்கத்துக்கு வேலைக்கு போன ஆளுங்களையும் அவங்க குடும்பத்தையும் ஏத்திட்டு வந்த ஒரு டுபோலெவ் விமானம், மேகத்துக்குள்ள எறங்கறப்ப ஓபராஃபியெல்லெட் மலையில மோதி 141 பேரும் போயிட்டாங்க. நார்வே மண்ணுல நடந்ததுலயே பெரிய விமான விபத்து அதுதான். எங்க பைலட் மூக்க தூக்குனது எவ்ளோ நல்லதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

திரும்பி 4:20க்கு ட்ரோம்சோல எறங்குனோம். காத்துல மட்டும் 3 மணி 20 நிமிஷம், நகர்ந்த தூரம் பூஜ்ஜியம். கம்பெனிக்காரங்க ஹோட்டல் குடுத்தாங்க, சாப்பாட்டுக்கு கூப்பன் குடுத்தாங்க, அந்த கூப்பனுக்கு ஏர்போர்ட்ல ஒரு எறா சாண்ட்விச்சும் ஒரு காபியும் வந்துச்சு, காபிக்கு கையிலேர்ந்து கொஞ்சம் போட வேண்டியதாச்சு. ஒரே ஒரு மனக்குறை: நாங்க ட்ரோம்சோல பெட்டிக்காக நின்னுட்டு இருக்கறப்ப அவங்க ஆப்ல "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள், லாங்யர்பியனுக்கு நல்வரவு, மைனஸ் 11 டிகிரி"ன்னு மெசேஜ் வந்துச்சு. வைஃப் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கா.

மறுநாள் அதே நேரம், அதே கேட், பாதிப்பேர் அதே முகம், ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டிக்கிற அளவுக்கு பழகியாச்சு. அன்னிக்கு வானம் தொடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. இதுக்குதாங்க இந்த ரூட்டுக்கு மார்க் போடணும். இடது பக்க ஜன்னல் எங்களுக்கு, 12ஏ. வடக்கு நோக்கி போறதால மத்தியானச் சூரியன் முதுகுப் பக்கம், நேரம் போகப் போக இடது பக்கம் பின்னாடி வந்து நிக்குது. முதல்ல கடல் கருநீலமா இருந்துச்சு, அப்புறம் கடல் மேல எண்ணெய் படிஞ்ச மாதிரி ஒரு மங்கல், அது மெல்லிசு ஐஸ், அப்புறம் தட்டு தட்டா வெள்ளை. கரடித் தீவ நான் பாக்கல, அந்த எடத்துல மட்டும் ஒரு துண்டு மேகம் உக்காந்திருந்துச்சு. ஸ்வால்பார்டோட தெக்கு முனை வந்ததும் விமானம் முழுக்க ஒரு அசைவு, எல்லாரும் ஜன்னல் பக்கம் சாயறாங்க. கூர் கூரா மலை, நடுவுல ஆறு உறைஞ்ச மாதிரி பனி வழிஞ்சு கடல்ல வந்து வெட்டுனாப்ல நிக்குது, மலையோட ஒரு பக்கம் ஆரஞ்சு, இன்னொரு பக்கம் ஊதா. அந்த கடைசி இருபது நிமிஷத்துல யாரும் போன்ல பேசல, சினிமா பாக்கல, குழந்தைங்க கூட கத்தல.

அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சுது. லாங்யர்பியன்ல அக்டோபர் கடைசியில போற சூரியன் பிப்ரவரி நடுவுலதான் அடிவானத்துக்கு மேல தலைகாட்டுது, ஆனா ஊர சுத்தி மலைங்கறதால ஊருக்குள்ள வெயில் விழ மார்ச் 8 ஆயிடும், அன்னிக்கு பழைய ஆஸ்பத்திரி படிக்கட்டுல ஊரே கூடி நின்னு சூரியன வரவேப்பாங்க, அத ஒட்டி ஒரு வாரம் திருவிழா. நாங்க போனது அதுக்கு முன்னாடி. மேல இருந்தப்ப எங்க ஜன்னல்ல வெயில், வைஃப் மூக்குத்தி மின்னுது. கீழ எறங்க எறங்க வெயில் றெக்கை நுனிக்கு போச்சு, அப்புறம் அதுவும் போச்சு, ஃபியோர்ட் மேல, அதாவது மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள வர்ற கடல் மேல, ஒரே நீல வெளிச்சம், சாயங்காலம் மாதிரியும் இல்ல, விடியக்காலம் மாதிரியும் இல்ல. பத்து நிமிஷத்துல பகல்லேர்ந்து வேற ஏதோ நேரத்துக்குள்ள எறங்கிட்டோம். கடியாரத்துல 2:20.

ஏர்போர்ட் பத்தி சொல்லணும்னா, சின்னது, நம்ம தூத்துக்குடி பழைய டெர்மினல் மாதிரின்னு வச்சுக்கோங்க. 1975ல தொறந்தது. ஓடுபாதை எப்பவும் உறைஞ்சே கெடக்கற மண்ணு மேல போட்டது, கோடையில மேல் மண்ணு இளகி தரை எறங்கறதால சரி பண்ணிட்டே இருக்க வேண்டியதா இருக்காம், எறங்குனப்ப ஒரு குலுக்கல் எனக்கே தெரிஞ்சுது. ஏரோபிரிட்ஜ் எல்லாம் கிடையாது, படி எறங்கி தரையில நடந்து போகணும், மைனஸ் 19. நூறடி நடக்கறதுக்குள்ள மூக்குக்குள்ள இருக்கற முடி எல்லாம் கம்பி மாதிரி வெறைச்சுருச்சு. கைப்பையில குல்லா கையுறைய வச்சுக்கோங்க, பெட்டியில போட்டுட்டு வந்த ஒரு குடும்பம் தாவி தாவி ஓடுனத பாத்தேன். மேல பாத்தா பீடபூமி மாதிரி மலை, அதுமேல வெள்ளை வெள்ளையா பந்து, சாட்டிலைட்டோட பேசற ஆன்டெனாவுக்கு மூடி. அதே மலைச் சரிவுல ஒரு கான்கிரீட் கதவு பச்சையா மின்னிட்டு துருத்திட்டு நிக்கும், 2008ல தொறந்த விதை பெட்டகம் அதுதான், உலகத்துல இருக்கற பயிர் விதைங்களுக்கு லாக்கர்.

உள்ள பெட்டி வர்ற பெல்ட் நடுவுல பாடம் பண்ண ஒரு பனிக்கரடி நிக்குது. பெட்டிங்க அதோட கால சுத்தி சுத்தி வருது. பெட்டி நடுவுல நீளநீளமா துப்பாக்கி கவர், யாரும் அத ஒரு மாதிரி பாக்கல. ஊர் எல்லைய தாண்டுனா கரடிய வெரட்ட ஏதாவது கையில வச்சிருக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. வெளிய கார் நிறுத்தற எடத்துல ஒரு கம்பம், அதுல உலகத்து ஊரு பேரெல்லாம் பலகையா அடிச்சு எவ்ளோ கிலோமீட்டர்னு எழுதி வச்சிருக்காங்க, எல்லாரும் அதுல போட்டோ எடுக்கறாங்க, நாங்களும் எடுத்தோம். பஸ் ஃப்ளைட்டுக்காகவே காத்திருந்து ஒவ்வொரு ஹோட்டல் வாசல்லயும் எறக்கி விடுது, இதுக்கு மட்டும் பத்துக்கு பத்து. ஹோட்டல்ல செருப்ப வாசல்ல கழட்டிட்டுதான் உள்ள போகணும், நிலக்கரி கரி வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சுரங்கத்து காலத்துலேர்ந்து வந்த பழக்கமாம். நம்மாளுங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா என்ன.

ட்ரோம்சோ ஹோட்டல விட்டது காலையில 9:45, லாங்யர்பியன் ரூம்ல கால நீட்டுனது 3:25. எல்லாம் சரியா நடந்த நாளுலயே வாசலுக்கு வாசல் 5 மணி 40 நிமிஷம். முதல் நாளையும் சேத்தா 957 கிலோமீட்டர் போக நான் பறந்தது கிட்டத்தட்ட 2,870 கிலோமீட்டர். மேப்ல விரல வச்சு வைஃப் சொன்ன கன்னியாகுமரி காஷ்மீர் கணக்கு கடைசியில பெருசா தப்பில்லாம போச்சு, அத அவ எனக்கு அன்னிக்கே மூணு தடவை ஞாபகப்படுத்திட்டா.

ஒரு சின்ன விஷயம், எழுதாம விட மனசில்ல. ஏர்போர்ட் ஓரத்துல ஒரு குட்டி டோர்னியர் 228 நின்னுட்டு இருந்துச்சு. நீ ஓலசுண்டுக்கு போறது அதான், தூரம் சுமார் 110 கிலோமீட்டர், இருபது இருபத்தஞ்சு நிமிஷம். நம்ம சைட்டு ஃபார்முலால இதப் போட்டா 8 நிமிஷம்னு வருது! நீ ஓலசுண்ட்லதான் 2008லேர்ந்து இந்தியாவோட ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நம்ம விஞ்ஞானிங்களும் இப்டிதான் போறாங்க, ட்ரோம்சோ, லாங்யர்பியன், அப்புறம் இந்த மாதிரி குட்டி விமானம். இதே டோர்னியர் மாடல நம்ம கான்பூர்ல எச்ஏஎல்னு நம்ம அரசு விமானக் கம்பெனி லைசென்ஸ் வாங்கி பல வருஷமா செஞ்சுட்டு இருக்கு. ரெண்டு இன்ஜின், பத்து பதினஞ்சு பேர், சதுர மூஞ்சி. எனக்கு ஏறணும்னு ஆசைதான், ஆனா அது முக்கியமா ஆராய்ச்சிக்கு போறவங்களுக்கு, நமக்கு கம்பி வேலி வழியா போட்டோதான்.

மார்க் கேப்பீங்க. ஃப்ளைட்டுக்கு 10க்கு 8, அந்த ரெண்டு மார்க் வெல்கம் மெசேஜுக்கும் காபிக்கும். பாஸ்போர்ட் ஏற்பாட்டுக்கு 6, வரிசை ரெண்டே ரெண்டு கவுன்ட்டர்ல. தூரம் சொல்ற சைட்டுக்கு தூரத்துல 10, நேரத்துல 3. டிக்கெட் போடறவங்க திரும்பற ஃப்ளைட்டுக்கும் அதுக்கு அடுத்த இன்டர்நேஷனல் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு முழு ராத்திரியாவது விடுங்க, ஆஸ்லோலேர்ந்து அன்னிக்கே சென்னைக்கு கனெக்ஷன் போட்டுராதீங்க, தனித்தனி டிக்கெட்டா இருந்தா எவனும் பொறுப்பு ஏத்துக்க மாட்டான். போறப்ப இடது ஜன்னல், பிப்ரவரி மார்ச்ல மதிய ஃப்ளைட். டிசம்பர்ல போனா ஜன்னல் சீட்டுக்கு காசு குடுக்காதீங்க, ரெண்டு பக்கமும் கும்மிருட்டுதான், அரோரா, அதான் ராத்திரி வானத்துல ஆடற அந்த பச்சை வெளிச்சம், தெரிஞ்சா அதிர்ஷ்டம்.

திரும்பி வர்றப்ப எல்லாம் டைமுக்கு நடந்துச்சு, காத்துல 1 மணி 22 நிமிஷம். வைஃபுக்கு அந்தப் பக்க சீட்ல ஒரு நார்வே பொண்ணு, நெற மாசம். லாங்யர்பியன்ல ஸ்கூல்ல வேலை பாக்கறாங்களாம். அங்க இருக்கறது சின்ன ஆஸ்பத்திரிதான், பிரசவம் அங்க பாக்கறதில்ல, தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே எல்லாரும் மெயின்லேண்டுக்கு கிளம்பிடணும், இவங்க ட்ரோம்சோ பெரிய ஆஸ்பத்திரிக்கு. வைஃப் பயந்து போய், "ஒருவேளை ஃப்ளைட் திரும்பிடுச்சுன்னா?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணு வயித்த தடவிட்டே, "அதுக்குதான் அந்த மூணு வாரம்"னாங்க. மூணு நாளா ஃப்ளைட்டே வராத வாரமெல்லாம் பாத்திருக்காங்களாம். நான் 957 கிலோமீட்டர்னு சொன்னப்ப, "ஓ, அவ்ளோதானா?"ன்னு ஆச்சரியப்பட்டாங்க, ஏழு வருஷமா அங்க இருக்காங்க, தூரத்த ஒரு தடவை கூட பாத்ததில்லயாம். ட்ரோம்சோல எறங்கி பாஸ்போர்ட் வரிசையில நிக்கறப்ப முன்னாடி நின்ன அத்தன பேரும் யாரும் சொல்லாமலே ஒதுங்கி வழி விட்டாங்க. பெரிய பையோட மெதுவா நடந்து அவங்கதான் முதல் ஆளா போனாங்க.